ஒரு நாள் குளம்

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள்
ஓக்லாவில் எங்கள் கட்டடத்தின் மொட்டைமாடிப் பூட்டு
எண்ணெய் குடித்துத்தான் திறந்தது.

வடிகால் வாய்கள் எட்டு.
ஏழில் என்ன இருக்குமென்று எனக்கு மனப்பாடம்:
புறா இறகு, ராக்கெட் குச்சி,
ஆகஸ்டில் அறுந்த மாஞ்சா நூல்,
யாரோ ஒளிந்து குடித்த குவார்ட்டர் மூடிகள்.
எட்டாவதில்
ஒரு குழந்தையின் இடதுகால் ஷூ.
அலுவலகங்கள் மட்டுமே உள்ள கட்டடம் இது.
"குரங்கு, மேடம்" என்றார் ஷகீல்.
டெல்லியில் விளங்காததற்கெல்லாம் குரங்குதான்.

கைப்பிடிச்சுவர் மூலையில் அரசங்கன்று.
ஜீத்தன் தொடமாட்டான், சாமி மரம்.
ஷகீல் வெட்டினால்
கீழே டீக்கடையில் வேறு மாதிரிப் பேசுவார்கள்.
ஸ்க்ரூடிரைவரால் நானே நெம்பினேன்.
வேர் வந்த வழியில் என் சுண்டுவிரல் போனது;
அதற்கு நேர்கீழே
ஐந்தாம் மாடி பாசின் சாரின் மேஜை.

தார்ஷீட்டை உருக்கி ஒட்ட சிலிண்டர் வந்திறங்கியது.
கூடவே உத்தரவும்:
காற்று மிக மோசம், திறந்த நெருப்பு கூடாது.
ஊரே ஒரு வாரமாய்ப் புகைகிறது,
என் அடுப்பு ஒன்றுதான் பாக்கி போல.
சூடில்லாத பசையைக்
கரண்டியால் இழுத்து இழுத்துத் தேய்த்தோம்.
நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

ஆறாம் நாள் பரிசோதனை.
எட்டு வாயையும் மணல்மூட்டையால் அடைத்து
டேங்கர் தண்ணீரை ஏற்றினோம்.
இரண்டு அங்குலம், ஒரு பகல், ஒரு இரவு.
மைனாக்களுக்கு யார் சொன்னார்களோ,
உடனே வந்தன.
பாலம் பக்கம் இறங்கிய விமானம் ஒன்று
தண்ணீரைக் குறுக்கே கடந்து போனது.

ஜீத்தன் தலையைச் சொறிந்தான்.
"யமுனையில் நுரை, மேடம். படித்துறையில் போலீஸ்.
இந்தத் தண்ணீர் நாளைக் காலை வரை இருக்குமா?"

மாலையில் சரக்கு லிஃப்டின் கதவு
மூட முடியாமல் மூன்று முறை திறந்தது:
உள்ளே நெட்டைக் கரும்புகள்,
அவற்றின் நடுவே முறம் ஏந்திய பூல்மதி,
முந்தாநாளிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத உதடு,
மூக்கிலிருந்து வகிடு வரை செந்தூரம்.
காவலாளியின் பதிவேட்டில்
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
'நீர்க்கசிவு சோதனை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
"மூலையில் ஒட்டுப் போட்டிருக்கு,
அங்கே மட்டும் மிதிக்க வேண்டாம்" என்றேன்.
சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

கணுக்கால்கூட நனையாத ஆழத்தில்
அவள் நின்றாள்.
புகைக்குள் சூரியன், சத்தில்லாமல்,
வெறும் கண்ணால் பார்க்கலாம் போல.
ஏசி மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன.
விடியலில் மறுபடி, கிழக்கு பார்த்து.
ஷகீல் செருப்பைக் கழற்றிவிட்டு
தள்ளி நின்று டார்ச் பிடித்தார்.

நண்பகலில் மூட்டைகளை எடுத்தோம்.
எட்டு வாயும் ஒரே சமயத்தில் விழுங்கின.
கீழே கூரையில் ஈரம் இல்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி ஆலங்கட்டி.
இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
போனைப் பார்த்தபடி இருந்தேன்.
அடிக்கவில்லை.

காலையில் போனபோது
பாசின் சாரின் பக்கெட் அதே இடத்தில்.
உள்ளே இரண்டு காகித டீக்கப்.
எடுத்துவிடலாமே என்றேன்.
"மார்ச் வரை இருக்கட்டும்" என்றார்.