மூன்றேகால் மணிச் சாம்பார்

முஸஃபா அடுக்களையில்
அதிகாலை மூன்றேகாலுக்கு மூடி விழுகிறது
நாலாயிரத்து இருநூறு டப்பாக்களுக்கு.
நாலு பத்துக்கு வண்டி. ஐந்தரைக்குத் தளத்தின் வாசல்.
ஆறு மணிக்குமேல் வெளிவண்டி உள்ளே போகமுடியாது.
காவலர் கையெழுத்துப் போட்டதும்
என் திரையில் ஒரு கட்டம் பச்சையாகும்.

அந்தக் கட்டங்களை வரைந்தவள் நான்.
அரிசி மூட்டையில் தொடங்கிக் கையெழுத்துவரை
முப்பத்தொரு பெட்டி, நாற்பத்தாறு அம்பு.
ஓர் அம்புகூட அந்தரத்தில் நிற்காது.
குறித்த நேரத்தில் சேர்ந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.
மாதக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.
அந்த ஏசி அறையில் எனக்கு லேசாகச் சிலிர்த்தது,
குளிரால் மட்டும் அல்ல.

ஜூலையில் ஒரு புகார் வந்தது.
யாரோ இந்தியில் எழுதிக்கொடுத்து
யாரோ ரேகை வைத்த ஒற்றை வரி:
டப்பா வருகிறது, சாப்பாடு வருவதில்லை.
மொழிபெயர்ப்புப் பிழை என்று
ஓரத்தில் குறித்துவைத்தேன்.
இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் போய் நின்றேன்.
தலைக்கவசத்துக்குள்ளிருந்து வியர்வை
காதைத் தாண்டி இறங்கும்போது மணி பன்னிரண்டரை.
மூடியைத் திறந்தவர் எவரும் உடனே கை வைக்கவில்லை.
முதலில் மூக்கு. பிறகுதான் விரல்.
பருப்பு நூல் விட்டிருந்தது.
சாம்பாரில் நுரை, சோப்பு கரைத்ததுபோல்.
மணலில் கொட்டியதைத் தளத்துப் பூனை
முகர்ந்துவிட்டு நிதானமாக விலகிப்போனது.
ஒன்பதேகால் மணிநேரம் ஆகியிருந்தது
அந்தச் சாம்பார் அடுப்பை விட்டு.

ஒரு குழு மட்டும்
தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர்களுக்குச் சவரியப்பன் இருந்தார்.
முழங்கால் வீங்கியதால் கீழ்வேலையில் விடப்பட்டவர்.
ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் மேற்கே,
ஒன்பதரைக்கு அதன் கால்களை ஒட்டி,
பதினொன்றுக்கு வயிற்றுக்கு நேர் கீழே
என்று நிழல் போகும் வழியெல்லாம்
இருபத்திரண்டு டப்பாக்களையும் நகர்த்திக்கொண்டே போவார்,
நனைத்த சாக்கைப் போர்த்தியபடி.
அட்டவணையில் பெயர் இல்லை, கூலி இல்லை.
என் வரைபடத்தின் முப்பத்திரண்டாம் பெட்டி
பீடிக்கட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தது.

அன்று இரவு கோட்டை அழித்தேன்.
வாசலில் முடிந்ததை முதல் கவளம்வரை இழுத்தேன்.
இழுத்ததும் எல்லாம் அவிழ்ந்தது.
எட்டு மணிக்கு இரண்டாம் உலை வேண்டும்,
உலைக்கு ஆள் வேண்டும்.
வாசல் வேறொரு கம்பெனியின் ஒப்பந்தம்.
வண்டி ஓட்டும் தில் பகதூர்
ஒன்பதிலிருந்து ஒன்றுவரை தூங்குகிறவர்;
அந்தத் தூக்கத்தை எந்த மணிக்கு மாற்றிவைப்பது?
காவலரின் பேரேட்டில்
பதினொன்றரை என்று ஒரு வரி சேர்க்க
பதினாலு கூட்டம்.
ஒருவர் கேட்டார்,
கையெழுத்தான பிறகு அது எப்படி நம் சாப்பாடு?

செப்டம்பர் கடைசியில்தான் சூடான டப்பா போனது.
நானும் போனேன்.
மூடிகள் திறந்தன. ஆவி வந்தது.
யாரும் முகரவில்லை.
இதற்கு ஓர் அளவுகோல் உண்டா என்று யோசித்தேன்,
பச்சை, மஞ்சள், சிவப்பு தவிர.

சவரியப்பன் விரல் நக்கி முடித்தார்.
"நல்லா இருக்கும்மா. சுடச்சுட."
கை கழுவிவிட்டு, மிகச் சாதாரணமாக,
"டப்பா நகத்துற வேலை இனிமே இல்லல்ல?
ஃபோர்மேன் காலைலயே சொல்லிட்டாரு.
இன்னைலேருந்து மேல."

சாரத்தைப் பார்த்தேன். ஏழு அடுக்கு.
அந்த முழங்காலை எந்தப் பெட்டியில் போடுவது,
அம்பை எங்கிருந்து தொடங்குவது?
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது:
முழுநாளும் பச்சை என்று செய்தி.

அவர் ஏறினார்.
ஒன்பதாம் படியில் நின்று
இடது கையால் முழங்காலை ஒருமுறை பிடித்துவிட்டார்.
பிறகு பத்தாம் படி.