பிடலிக்கு வலப்பக்கம்

திங்கள்சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்
எனக்கு எந்தத் தோளில் குலை ஏறும் என்று.
இருபத்திரண்டு வருஷம்
ஏத்தனும் செவ்வாழையும் ஏறி இறங்கிய இடம்.
சட்டையைக் கழற்றினால்
இடதைவிட ஒரு விரல் தாழ்ந்து நிற்கும் வலது.

அதனால் நோவு வந்தபோது
யாரும் யோசிக்கவில்லை.
"இடத்தோளுக்கு மாத்தும் வேய்" என்றான் லாரி ஷிபு.
மாற்றினேன்.
புது ஆளென்று கண்டுகொண்ட குலை
என்னை இழுத்துப் பார்த்தது.
குடிக்காமலே வளைந்து நடந்தேன்.
வலி வலதிலேயே இருந்தது.

லீலாபாய் தலையணையைக் குற்றம் சொன்னாள்.
பிறகு போனை.
பிறகு ஒருக்களித்துப் படுத்து
பாதிராத்திரிவரை நான் பார்க்கும் கால்பந்தை.
மூன்றையும் எடுத்து அலமாரியில் பூட்டினாள்.
ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன்,
பார்க்க ஒன்றுமில்லாமல்.

தக்கலையில் படம் எடுத்தார்கள்.
கழுத்தெலும்பில் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவே தேய்மானம்,
உங்க வயசில் பலருக்கும் இருக்கும் என்றார்கள்,
இருந்தாலும் பட்டை போட்டு அனுப்பினார்கள்.
மறுநாள் சந்தையே கும்பிட்டது:
"ஸ்தோத்திரம், பாஸ்டரே!"
நானும் ஆசீர்வதித்தேன்.
திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

வர்ம வைத்தியர் தோளில் கட்டைவிரலை ஊன்றி
"பழைய அடி ஏதும் உண்டா?" என்றார்.
இல்லை என்றேன்.

உண்டு.
பதினாலு வருஷத்துக்கு முன்பு
எல்லைக் கல் ஒரு முழம் நகர்ந்த அன்று
அண்ணன் தாசையன்
மண்வெட்டிக் கணையால் போட்டது.
இதே இடம்.
(கல்லை நகர்த்தியது யாரென்று
இங்கே பேச்சில்லை.)

அதன் பிறகு வலி வரும்போதெல்லாம்
அவனும் கூடவே வந்தான்.
எண்ணெய் தடவும்போது அவனைத் தடவினேன்.
மாத்திரையை அவன் பேர் சொல்லி விழுங்கினேன்.
அவன் மகள் ஷைனியின் கல்யாணத்துக்குப் போகவில்லை;
தோள்வலி என்று சொல்லி அனுப்பினேன்.
பொய்யில்லை.

ஒன்றுதான் கணக்கில் உதைத்தது.
திங்களும் வெள்ளியும் நூறு குலை தூக்குவேன்,
வலிக்காது.
ஞாயிறு, சுமையில்லாத நாள்,
ஆராதனை முடிந்து
மரச்சீனிக்கிழங்கும் மாட்டிறைச்சியும் தேங்காய்க்கொத்துமாய்
மூக்கு முட்டத் தின்ற ராத்திரி
தவறாமல் வரும்.
கவனித்தேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர்.
தோளைத் திரும்பியும் பார்க்கவில்லை.
"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"
வலது விலாவுக்குக் கீழே விரல் வைத்து
மூச்சை இழுக்கச் சொன்னாள்.
பாதி மூச்சு
அங்கேயே முட்டி நின்றது.

பித்தப்பை. கல்.
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்த தசைக்கு
நரம்பு கழுத்திலிருந்து இறங்குதாம்.
கீழே அது தட்டும்;
மேலே தோள் "யாரது?" என்று கதவு திறக்கும்.
"இடது தோளோட நெஞ்சும் அடைச்சு வேர்த்தா
எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காதீங்க,
உடனே ஓடி வாங்க. அது வேற" என்றாள்.

ஸ்கேன் தாளை மடித்துப் பையில் வைத்தபோது
வெளியே பஸ் வந்தது, போனது.
அடுத்ததும் போனது.
பதினாலு வருஷமாக ஒருத்தன்மேல் எழுதி வந்த பற்று,
எல்லாம் வேறொருத்தன் கணக்கு.
எங்கே கொண்டு திருத்துவது?

அறுவை முடிந்தது.
வயிற்றுக்குள் ஊதிய காற்று
போகிற போக்கில் ரெண்டு நாள் தோளில் தங்கிவிட்டுப் போனது.
மூன்றாம் நாள் வாசலில் செருப்புச் சத்தம்,
பழக்கமான இருமல்.
உள்ளே வரவில்லை. ஒரு சீப்பு மட்டிப்பழம்
ஜன்னல் கம்பியில் தொங்கியது.

ஏழு கல்லையும் குப்பியில் போட்டுத் தந்திருந்தார்கள்.
டிவி பக்கத்தில் வைத்தேன்.
லீலாபாய் குலுக்கிப் பார்த்துச் சொன்னாள்:
"இதுல ஒண்ண எல்லையில நட்டுருவமா?
யாரு நகத்துனாலும் தெரியாது."

சிரித்தேன்.
தையல் இழுத்தது.
தோள்
ஒன்றும் சொல்லவில்லை.