பதினோரு அடி

'கட்சி தாவினார்' என்று போட்டன பத்திரிகைகள்.
தாவவில்லை, நடந்தார்.
நான் எண்ணினேன்: பதினோரு அடி,
நடுவில் அவைத்தலைவருக்குத் தலைகுனிய
ஒரு நொடி நின்றது தவிர.

இடது முழங்கால் இழுக்கும் அவருக்கு.
எண்பத்து மூன்றாம் வருடத் தேர்தலில்
லிஃப்ட் ஓடாத அடுக்ககத்தின் படிகளில்
வழுக்கி விழுந்த கால் அது.
விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தபடி
கதவைத் திறந்த கொதிகலன் தொழிலாளி
நார்மன் ஸ்டோபர்ட்டிடம்
வாக்குக் கேட்டார் ஆல்வின் ஹெப்பிள்.
'எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கேக்கறியே' என்று
சிரித்துக்கொண்டே சம்மதித்தான் நார்மன்.
நனைந்த துண்டறிக்கைகளை
ரேடியேட்டர்மேல் பரப்பி உலர்த்தியவள் நான்,
பதினேழு வருடம் அவருடைய தேர்தல் முகவர்.

முந்தின நாள் மாலை போன் செய்தார்.
ஹெல்மர்சைடில் மழையா என்றார்.
கார் பிரேக்கைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா என்றார்.
'நாளைக்கு மூன்றரைக்கு டிவியைப் போட்டு வை, மியூரியல்.'
கப்பல் பட்டறைக்காகப் பேசப்போகிறார் என்று
எட்டுப் பேரைக் கூப்பிட்டேன்.
எலுமிச்சை கேக்கூடச் செய்தேன்.

அப்புறம் அந்தப் பதினோரு அடி.

அந்தப் பக்கத்து பெஞ்சில் ஒருவர் நகர்ந்து கொடுத்தார்,
பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதுபோல
காகிதங்களை மடிக்கு இழுத்துக்கொண்டு.
இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் தொடையை அகட்டினார்கள்,
இடம் மூடிக்கொண்டது.
எட்டுப் பேரும் டிவியை விட்டு
என்னைப் பார்த்தார்கள்.
நான் கேக்கை வெட்டினேன். வேறென்ன செய்ய?
எல்லாரும் தின்றார்கள்.

'நான் கட்சியை விடவில்லை,
கட்சிதான் என்னை விட்டுப் போயிற்று' என்றார்
ஒன்பது மணிச் செய்தியில்.
எங்கே போயிற்று, ஆல்வின்?
திங்கட்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு
மீன்வறுவல் கடை மாடியில்தானே இருந்தது,
பதினாறு நாற்காலி, ஒரு ஹீட்டர்,
அதன் இரண்டு கம்பியில் ஒன்று மட்டும் சிவக்கும்.

நார்மன் வந்தான், தொப்பியைக் கழற்றாமல்.
'போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க எந்தப் படிவம்?'
அப்படி ஒன்று இல்லை என்றேன்.
நின்றுகொண்டே இருந்தான்.
தட்டச்சில் நாலு வரி அடித்துக் கொடுத்தேன்.
கவனமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

கீழே கடைக்கார டகி அவர் படத்தைக் கழற்றினார்.
எண்ணெய்ப்பிசுக்கு ஏறாத சதுரம் ஒன்று
அவரைவிடத் தெளிவாகத் தெரிந்தது, பல வருடம்.

அவர் செய்தது சரியாகக்கூட இருந்திருக்கலாம்.
பட்டறை அவர்கள் ஆண்டபோது பாதி மூடியது,
நாங்கள் ஆண்டபோது மீதி.
இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

தெற்கே ஒரு தொகுதி கொடுத்தார்கள்,
ஆப்பிள் தோப்பும் குதிரைலாயமுமாக.
வாக்குக் கேட்கப் படியேறவே வேண்டாத ஊர்.
ஒன்பது மாதம் கால்வாய்களுக்கு இணையமைச்சர்.
பிறகு பிரபுக்கள் அவை, வெண்கீரித் தோல் வைத்த அங்கி.
பட்டத்தோடு ஓர் ஊர்ப்பெயர் வேண்டுமாம்.
ஆப்பிள் ஊரை எடுத்துக்கொள்வார் என்றிருந்தேன்.
'ஹெல்மர்சைடின் ஹெப்பிள் பிரபு' என்று வந்தது.
டகி இரண்டு முறை வாசித்துவிட்டு
அடுப்பைத் தணித்தார்.
'ஊர்ப் பேருக்கு வாடகை தருவானா?'

வருடா வருடம் கிறிஸ்துமஸ் அட்டை வரும்,
அச்சடித்த பெயரைக் கோடு கிழித்துவிட்டு
கீழே பேனாவில் 'ஆல்வின்' மட்டும்.
நான் பதில் போட்டதில்லை.
சிவப்பு ரிப்பன் பூக்கள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில்
அவற்றையும் போட்டு மூடுவேன்.
இந்த வருடம் கோடு இல்லை, பேனா இல்லை,
முகவரியில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று
ஒரு வரி எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன்.
மேலே பிரபு என்று போடுவதா
என்பதில் மூன்று வாரமாக நிற்கிறது.
தபால்பெட்டி
எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது.