யாராவது திருப்பினால் நல்லது

பெட்டியில் எழுதியிருந்தது
அறுநூற்று எழுபத்தைந்து மடங்கு என்று.
பெட்டிகள் அப்படித்தான் பேசும்.
எழுபதிலேயே வியாழன்
கஞ்சியில் கிடக்கும் பருக்கையாய்க் கலங்கியது.

அட்டனில் டியூசன் மாஸ்டர் ஒருவர்
கனடாவுக்குப் போகுமுன் விற்றுப்போனது.
நூற்றிப் பதினான்கு மில்லிமீற்றர்க் கண்ணாடி.
அதன்மேல் அவர் வீட்டுப் பூஞ்சணம்,
பிறகு என் தலைமுடியிலிருந்து உதிர்ந்த
சல்லடைக் காம்பராவின் தேயிலைத் தூசு.

கழுவலாமா கூடாதா என்று ஒரு மாதம் யோசித்தேன்.
கழுவினேன்.
கராஜில் வாங்கிய பெற்றரித் தண்ணீர்,
பாத்திரச் சவர்க்காரம் ஒரு துளி.
பஞ்சை அழுத்தக் கூடாது.
நனைந்த பாரத்திலேயே அது நகர வேண்டும்,
தூங்கும் பிள்ளையின் கன்னத்து எறும்பைத்
தள்ளிவிடுவதுபோல.
சுளகில் சாய்த்து வைத்தேன். கடைசித் துளி
விளிம்புவரை வந்து, நின்று, யோசித்து, இறங்கியது.

காய்ந்ததும் அதன் நடுவில்
என் பொட்டுத் தாளிலிருந்து மிகச் சின்னதை ஒட்டினேன்.
அங்கே எப்படியும் வெளிச்சம் விழாது.
சின்னக் கண்ணாடியின் நிழல்
அந்த இடத்தில்தான் குந்தியிருக்கும்.

குழாய்க்குள் கறுப்பு வெல்வெட் முக்கால் யார்.
ஆடுகிற முக்காலியைக் கழற்றி எறிந்துவிட்டுப்
பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பீடம்;
தோட்டத்தின் முத்திரை அதில் தலைகீழாய் நிற்கிறது.
தொய்ந்த ஸ்பிரிங்குகளுக்குப் பதில்
ஓட்டோ கார்புரேட்டரின் ஸ்பிரிங்குகள் மூன்று,
புஸ்பராஜ் தானாகவே தேடித் தந்தவை.
இதுவரை சண்டையில்லை.

சண்டை, பத்து மில்லிமீற்றர் வில்லையால் வந்தது.
சீட்டுக்காசு.
"பின் டயர் நூல் தெரிய ஓடுது, உனக்கு நட்சத்திரமா?"
அவன் சொன்னது அவ்வளவுதான்.
நான் சொன்னது கொஞ்சம் அதிகம்.

பதினொரு நாள்.

கண்ணை இங்கே வைத்தால்
கை அங்கே எட்டாது.
குழாயின் நீளம் அப்படி.
விட்டமின் போத்தல் மூடியில்
ஊசி சுட்டுப் போட்ட ஓட்டை வழியே பார்க்க,
என் பொட்டு வளையத்துக்கு வெளியே
கோபித்துக்கொண்டு நின்றது.

"யாராவது பின்னால் திருகாணியைத் திருப்பினால் நல்லது"
என்று சுவருக்குச் சொன்னேன்.
"எந்தத் திருகாணியாம்?"
என்று கேத்தலிடம் கேட்டான் அவன்.

மேல் திருகாணி. கொஞ்சம்.
கூடிப்போச்சு.
இப்போ இடது.
யாருடைய இடது?
என்னுடைய.
உன்னுடைய இடது எனக்கு எந்தப் பக்கம்?
அதுவும் சரிதான்.
வேலிப்பக்கம் என்றேன்.
கால் சுற்று. அரைக்கால். நிறுத்து நிறுத்து.
பொட்டு வந்து
நடுவில் உட்கார்ந்தது.

மாசி மாதம். விடியப்புறம் மூன்று மணிக்கே
குழாயை வாசலுக்குக் கொண்டுவந்தேன்;
பொகவந்தலாவைக் குளிருக்குக்
கண்ணாடியும் பழகிக்கொள்ள வேண்டும்.
பனிமூட்டம் ஆற்றோடு கீழேயே கிடந்தது.
தென்சிலுவைக்கு இடப்பக்கம்,
மலைக்கு மேலே இரண்டு முழம்,
இவ்வளவு நாளும் ஒன்றென்று நான் எண்ணிய
அல்பா சென்டோரி.

முதலில் குவியத்தைக் கெடுத்துப் பார்த்தேன்.
உளுந்து வடை.
ஓட்டை நடுவில்.
போன மாதம் அது ஓரமாய் ஒதுங்கியிருந்தது.
மெதுவாய்த் திருப்பத் திருப்ப
வடை சுருங்கி, இன்னும் சுருங்கி,
இரண்டு புள்ளியாய்ப் பிரிந்து நின்றது.
இடையில் ஒரு நூலளவு கறுப்பு.

சத்தம் போட்டேன் போலும்.
போர்வையோடு வந்தவன் குனிந்தான்.
வெகுநேரம் நிமிரவில்லை.
"நோர்வூட் பாதையில லொறி வருது" என்றான்,
"ஒரு லைட் மங்கல்."

பிரட்டுக்கு இன்னும் நேரமிருந்தது.
டயரைப் பற்றி அவனும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அது வட்டத்தின் ஓரத்துக்குப் போனது.

"ஓடுது."
"அது ஓடல்ல, நாமதான் ஓடுறோம்.
லேசாத் தள்ளிப் பிடி."

தள்ளினான்.
கூடிப்போச்சு.