ஏசுபாதம் தூங்கட்டும்

பெரிய வியாழன்தோறும்
பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவியிருக்கிறேன்.
எல்லாம் வீட்டிலேயே சோப்புப் போட்டுத்
தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த கால்கள்.
ஒருவர் பவுடர்கூடப் போட்டிருந்தார்.
பித்தளைத் தாம்பாளம், வெதுவெதுப்பான தண்ணீர்,
முழங்கால் உறுத்தாமலிருக்க ஒரு குஷன்,
எதிரே செயலரின் மகன், கேமராவோடு.
"ஐயா, இன்னும் கொஞ்சம் குனிங்க" என்பான்.
குனிவேன்.

அந்த டிசம்பர் இரவில்
கேப்டன் காட்டன் கால்வாய் தெருவுக்குள் வந்துவிட்டது.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் ஒரு மாநகரப் பேருந்து
ஜன்னல்வரை முழுகி நின்றது.
வியாசர்பாடியில் எங்கள் சபை மண்டபத்தில்
இருநூற்றுப் பதினாறு பேர்.
எண்ணியது பொருளாளர் புனிதவதி.
பிரெட் பாக்கெட்டுகளைப் பாதி பாதியாக்கியதும் அவர்தான்.
நான் நடுவில் நின்று ஜெபித்தேன்.
ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது.
ஆமென் வரும்வரை பொறுக்காமல்
ஒரு குழந்தை பசியில் வீறிட்டது.

இரண்டு மணிக்குக் கழிவறை அடைத்துக்கொண்டது.
நிறைந்து, படி தாண்டி,
பாய்களை நோக்கி வந்தது.
"ஏசுபாதத்தை எழுப்புங்க" என்றார் செயலர் ஜெயக்கொடி.
குரலில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை.
சுவிட்சைப் போடு என்பதுபோலச் சொன்னார்.
பதினேழு வருடமாய் அடைப்பு என்றால் ஏசுபாதம்.
நூறு ரூபாய், ஒரு டீ, பின்வாசல்.

அவர் மூலையில்
மகளை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.
வீட்டில் மார்பளவு தண்ணீர்.
போர்வைக்கு வெளியே கால்கள்:
வெடிப்பெல்லாம் சேறு,
விரலிடுக்கில் வெளுத்த சேற்றுப்புண்.
பன்னிரண்டு பேர் பட்டியலை
ஒன்பது வருடம் நான்தான் எழுதினேன்.
அப்படி ஒரு பெயரோடு ஒருவர்
கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது
ஏனோ தோன்றவே இல்லை.

"தூங்கட்டும்" என்றேன்.
"அப்ப யாரு?"
லுங்கியை மடித்துக் கட்டினேன்.

இங்கே நிறுத்தினால் நல்ல பிரசங்கம்.
ஆனால் வாளியை எடுக்கும்போது
திரும்பிப் பார்த்தேன்,
யாராவது பார்க்கிறார்களா என்று.
"ஐயா, நீங்களா?" என்றார் செயலர்.
இனித்தது.
மூங்கில் கழியால் குத்தக் குத்த
"எங்க ஆயர் அன்னைக்கு..." என்று
பின்னால் ஊர் சொல்லப்போவதை
மனசு இரண்டுமுறை ஒத்திகை பார்த்துவிட்டது.
நாற்றம் மூக்கில், மாலை கழுத்தில்.

அப்போது ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது.
மெழுகுவத்தி தேடிப்போன செயலர்
திரும்பவில்லை.
இருட்டில் எனக்கே நான் தெரியவில்லை.
கழி, வாளி, முழங்கைவரை அது.
குமட்டி வாந்தியெடுத்து, அதையும் அள்ளினேன்.
பக்கத்தில் இன்னொரு வாளியின் சத்தம்.
கூடவே வளையல்.
யாரென்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
எத்தனை வாளி என்று யாரும் எண்ணவுமில்லை.
நாலரை மணிக்கு, அடியில் எங்கோ
களக்கென்று ஒன்று விட்டுக்கொடுத்தது.

விடிந்ததும் ஏசுபாதம் எழுந்து போனார்.
தரையைப் பார்த்தார், கழியைப் பார்த்தார்.
"எந்த அறிவாளி வேலைங்கய்யா இது?
மூங்கில் விட்டுக் குத்தினா பைப் வெடிச்சிடும்.
கம்பி வேணும். என்னை எழுப்பியிருக்கலாம்ல?"
தொண்டைவரை வந்த "நான்தான்"
டீயோடு சேர்ந்து
சூடாக உள்ளே இறங்கியது.
"அடுத்த தடவை கம்பி வாங்கி வைக்கிறோம்" என்றேன்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் இதைச் சொல்லவில்லை.
அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை.
சொல்லாமலிருக்கிறேன் என்பதிலேயே
ஒரு பெருமை முளைத்தது.
அதைக் கிள்ளியெறியத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாருங்கள்,
இங்கேயும் என்னை
இன்னும் கொஞ்சம் குனியவைத்தே
நிறுத்தியிருக்கிறேன்.