ஏழாவது நிபந்தனை

காட்கோபரில் சாவி தரும்போதே
செயலாளர் ஹஸ்முக் பாய் சொல்லிவிட்டார்:
மீன் வாசனை வரக் கூடாது.

குர்லாவில் நூற்றிருபது ரூபாய்க்கு
ஒரு சண்டை மீன்.
லோக்கல் நெரிசலில்
நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தேன்,
பை நிறையத் தண்ணீர்.

மூன்றாம் நாள் வந்து மூக்கை உறிஞ்சினார்.
குனிந்தார்.
நீல வால் விரிந்தது.

கூப்பிட்டால் வருமா?
வராது.
உன்னை அதற்குத் தெரியுமா?
தெரியவில்லை.
பிறகு எதற்கு இது என்றவர்தான்
தினமும் ஏழு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு
கண்ணாடி முன் உட்கார்கிறார்.
அது தின்பது காய்ந்த புழு என்று
இன்னும் நான் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம்
சயானில் வஞ்சிர வறுவல் தின்றுவிட்டு
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி
மூடியைத் திறக்கிறேன்.

விரலைப் பார்த்து
மேலே வருகிறது.