கையைத் தூக்கிப் பார்த்து

குலசேகரம் சந்தை முக்கில் செல்வினின் கடை.
வெளியே பெய்கிறது. உள்ளே
தலையில்லாமல் தொங்குகின்றன கோட்டுகள்.

"வெள்ளம் ஒரு சொட்டு எறங்காது அக்கா"
பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுகிறான்.
கோட்டின் முதுகில் உருண்டோடி
அவன் செருப்பை நனைத்தது தண்ணீர்.
நான் உட்பக்கத்தைத் திருப்பித்
தையலில் நகத்தை ஓட்டினேன்.
மழை துணி வழியே வருவதில்லை,
ஊசி போன வழியே வரும்.
நூற்றெண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
போன வருடத்துக் கோட்டு சொல்லித் தந்த பாடம்.

போட்டுப் பாருங்க என்றான்.
போட்டேன். கண்ணாடி பக்கம் போகவில்லை.
எதிரே ஒரு மரம் நிற்பதாக எண்ணிக்
கொஞ்சம் குனிந்து
இடது மேலிருந்து வலது கீழாக
இல்லாத கத்தியை இழுத்தேன்.
கக்கத்தில் இறுக்கியது.
வேற காட்டு.

இரண்டாவது, நடக்க நடக்கச் சலசலத்தது.
"சத்தம் கேட்டா என்னக்கா?"
"பன்னி வாற சத்தம் எனக்குக் கேக்கணும் இல்லியா?"
மூன்றாவதன் தொப்பி கொள்ளாம்,
ஆனால் ஹெட்லைட் பட்டை அதில் நிற்காமல் வழுக்கிற்று.
நான்காவதற்கு உள்ளே வெல்வெட்டு.
கோதையாற்றுக் காற்றுக்கு அது போதும், மிச்சம்.
ஆனால் ஐம்பது மரம் தாண்டினால்
உள்ளே நான் பெய்வேன்.

அப்போதுதான் அஜிஷா வந்தாள்.
நர்ஸ். அயர்லாந்துக்கு விசா கிடைத்திருக்கிறது.
உப்பிய கறுப்புக் கோட்டுக்குள்
தாடை வரைக்கும் ஜிப்பைப் பூட்டி
நெற்றி வழிய நின்றாள்.
அவளுடைய அண்ணன் ஃபேனைக் கூட்டச் சொன்னான்.
"அங்க மைனஸ் ரெண்டாம்" என்றாள்
மன்னிப்புக் கேட்பதுபோல்.
"இங்க வெளுப்புக்கு மூணரை மணி" என்றேன்.
சிரித்தோம். இருந்த ஒரே கண்ணாடி
அவள் பக்கம் திரும்பியது.

குளிர் தாங்குமா என்று என்னிடம் கேட்டாள்.
எனக்கென்ன தெரியும் அந்தக் குளிரை.
"கையத் தூக்கிப் பாரு பிள்ளே,
அங்கயும் பஸ்ஸுல கம்பி பிடிக்கணும்லா?"
தூக்கினாள். கோட்டு ஏறி
இடுப்பு எட்டிப் பார்த்தது.
கோட்டை அவிழ்த்துவிட்டு நீளமானதைக் கேட்டாள்.
பிறகு என் கையிலிருந்த ஐந்தாவதை வாங்கிக்
கழுத்துக்குள் ஒளிந்திருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.
"தையல் மேல டேப் ஒட்டியிருக்காம் அக்கா. எடுங்க."

ஐந்தாவது ஆரஞ்சு நிறம்.
ஆணும் பெண்ணும் வேண்டாமென்று விட்ட நிறம்.
ஆயிரத்து முந்நூற்றைம்பது,
இழுத்துப் பறித்து ஆயிரத்து இருநூறு.
நாலு மாத ஒட்டுப்பாலில் ஒதுக்கியது.
ஓடை இறக்கத்தில் வழுக்கி விழுந்தால்
அடுத்த பிளாக்கில் வெட்டும் கனகபாய்க்குக்
கண்ணில் படுமே.

பஸ்ஸில் மடியில் பொதியோடு நினைத்தேன்:
மரங்களுக்கு ஜூன் முதல் வாரமே
பிளாஸ்டிக் பாவாடை கட்டியாகிவிட்டது.
முந்நூற்றிருபது மரம்,
தார் பூசி, சுருக்கு வைத்து, ஸ்டேப்லர் அடித்தது நான்தான்.
வெட்டுப்பட்டை நனைந்தால் வெட்டு முடங்கும்,
முதலாளி கணக்குப் பார்ப்பார்.
நான் நனைந்தால் என்ன முடங்கும் என்று
கணக்குப் பார்க்க
இப்போதுதான் எனக்கு நேரம் வாய்த்தது.
நவம்பர் ஆகிவிட்டது.

மறுநாள் மழை இல்லை.
பனி மட்டும், இலை நுனியில் கனத்து.
ஆனாலும் போட்டுக்கொண்டு போனேன்.
மரங்கள் பாவாடையோடு,
நான் கோட்டோடு,
யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

பதினேழாவது மரத்தில்
சிரட்டையைத் திருப்பி வைக்கும்போது
விழுந்தது முதல் சொட்டு.
மழையல்ல. பால்.
இடது கை மடிப்பில், வெள்ளையாய்.
காய்ந்தால் கறுக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இனி செல்வின் திரும்ப எடுக்கமாட்டான்.